பட்டையை எடுத்தோம், காற்றை வைத்தோம்

வாழைத்தாரில் பட்ட அடி அன்னைக்கே தெரியாது. வெட்டி, வண்டியில ஏத்தி, பரமத்தி வேலூர் ஏலத்துல இறக்கற வரைக்கும் காய் பச்சைப்பசேல்னுதான் இருக்கும். வாங்கினவர் பழுக்க வைக்கும்போதுதான் சீப்புல கறுப்புத் திட்டு கிளம்பும். அடுத்த வாரம் நம்ம தாரைப் பார்த்ததும் மனுஷன் ஏலத்துல வாயே திறக்க மாட்டார். அப்படி ரெண்டு பேர் வாயை மூடின பிறகுதான் என் அக்கா மகன் அந்த யோசனையைச் சொன்னான்.

"ஏனுங்க மாமா, ஏர் பஸ்ல போனா அலுங்காமப் போகுதில்ல? அந்தக் காத்துப் பையை நம்ம வண்டிக்கும் போட்டா என்ன?"

நகரத்து நண்பர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். எங்க பக்கத்துத் தனியார் பஸ்ல "ஏர் பஸ்"னு பெரிசா எழுதியிருக்கும். ஏ.சி. பஸ்னு நினைச்சு ஏறி வேர்த்து விறுவிறுத்தவங்களை எனக்குத் தெரியும். அந்த ஏர் கீழே இருக்கு. இரும்புப் பட்டைக்குப் பதிலா ரப்பர் பையில காற்றை அடைச்சு, அதுமேல பஸ்ஸை உட்கார வெச்சிருக்காங்க. அதைத்தான் ஏர் சஸ்பென்ஷன்னு சொல்றது.

எங்க வண்டி சின்ன வண்டி, பின்னாடி நாங்களே ஆள் வெச்சுத் தாருக்குன்னு கட்டின பாடி. ஒரு பட்டறையில கொடுத்தோம். பின் ஆக்சில்ல பாதிப் பட்டையைக் கழட்டிட்டு, பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பையை வெச்சு, நடுவுல ஒரு டீ போட்டு, ஒரே குழாய்ல காற்றடிச்சுக் கொடுத்துட்டாங்க. காலி வண்டி வெண்ணெய் மாதிரி போச்சு. பையன் மூஞ்சியில பெருமை தாங்கல.

முதல் லோடு ஏத்தின அன்னைக்கு, காவிரிக்கரை ரோட்டுல ஒரு நீளமான வளைவு. வண்டி சாய்ஞ்சுது. வளைவுல எந்த வண்டியும் சாயும், கொஞ்சம் சாய்ஞ்சு நின்னுடும். இது நிக்கல. மெதுவா, அவசரமே இல்லாம, சாய்ஞ்சுக்கிட்டே போச்சு. வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிக்கிட்டிருந்தவன் அவன். நான் இடப்பக்கக் கதவோட ஒட்டிக்கிட்டேன், கதவுக்கு வெளியே வாய்க்கால். ரோட்டுல எதிர்ல யாரும் வராததால அவன் வளைவை அகலமாக்கி எடுத்தான், பிழைச்சோம். வீட்டுக்கு வந்து அக்காகிட்ட ரெண்டு பேருமே சொல்லல. இதைப் படிச்சா இப்பத்தான் தெரியும்.

வேலூர்ல பழைய லாரி மெக்கானிக் ஒருத்தர், எழுபதைத் தாண்டினவர். வண்டிக்கு அடியில குனிஞ்சு பார்த்துட்டு எழுந்து கையைத் துடைச்சார். "பட்டையை எடுத்துட்டீங்க, சரி. அது செஞ்ச வேலையை இனி யாருங்க தம்பி செய்யறது?"

அந்தக் கேள்விதான் என்னைப் பல ராத்திரி உட்கார வெச்சுப் படிக்க வெச்சது. படிச்சா, இந்தக் கேள்வியை நூறு வருஷமா ஒவ்வொரு ஊர்லயும் யாரோ கேட்டிருக்காங்க. பெரும்பாலும் வண்டி சாய்ஞ்ச பிறகுதான் கேட்டிருக்காங்க.

பட்டையில இருந்தே ஆரம்பிக்கறேன். எங்க அப்பாரு காலத்துப் பாரவண்டியில ஸ்பிரிங் கிடையாது. மரச்சக்கரம், இரும்புப் பட்டா, அச்சு, அதுமேல பார். ரோட்டுல கிடக்கற கல்லு நேரா முதுகெலும்புக்கு வரும். வசதியானவங்க வீட்டுல வேற ஒண்ணு இருந்துச்சு, வில்வண்டி. பேரைக் கவனிங்க. அடியில இருக்கற வளைஞ்ச இரும்புப் பட்டையைப் பார்த்த நம்ம ஆளுங்க அதுக்கு ஸ்பிரிங்குனு இங்கிலீஷ் பேரை வைக்கல, வில்லுனு வெச்சாங்க. அந்த வில்லுல உட்கார்ந்து போறது சொகுசு மட்டும் இல்ல, அந்தஸ்து. திருவிதாங்கூர்ல 1893-ல் அய்யன்காளி தன் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொது வீதியில போறதுக்கு எடுத்துக்கிட்டது வில்வண்டியைத்தான். ஏன் அந்த வண்டின்னு அந்தக் காலத்துல யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இந்த வில்லை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் லண்டனில் கோச்சு வண்டி கட்டிய ஒபதையா எலியட். 1804-ல் அவர் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் கோச்சுகளின் அடியில் கனமான நீள மரம் ஒன்று முன் அச்சையும் பின் அச்சையும் பிடித்துக்கொண்டிருக்கும். எலியட் வளைந்த பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டியதும் அந்த மரமே வேண்டாமென்று ஆகிவிட்டது. அச்சை இடத்தில் நிறுத்தும் வேலையை வில்லே எடுத்துக்கொண்டது.

இங்கதான் விஷயம் இருக்கு. லாரி ஓரமா நிக்கும்போது ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. பட்டைக்கட்டின் முன்முனை ஒரு பின்னால் சேஸோட மாட்டியிருக்கும். பின்முனை ஷேக்கிள்ல தொங்கும், பட்டை நீளும்போது அது ஆடிக்கொடுக்கும். நடுவுல யூ போல்ட்டால ஆக்சில் கட்டியிருக்கும். ஆக, பட்டை எடையைத் தாங்குது. ஆக்சில் முன்னே பின்னே போகாம, பக்கவாட்டுல நகராம பிடிக்குது. பிரேக் அடிச்சா ஆக்சில் முறுக்கிக்காம தடுக்குது. பட்டைமேல பட்டை உரசி, துள்ளலை அடக்குது. வளைவுல ஒரு பக்கம் அழுந்தினா அந்தப் பக்கத்துப் பட்டை எதிர்த்து நிக்குது. சம்பளம் ஒண்ணு, வேலை அஞ்சு. நம்ம வீட்டுப் பெரியவங்க சிலர் இப்படித்தான். அவங்க இருக்கற வரைக்கும் என்னென்ன செஞ்சாங்கன்னு யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம்.

சரி, காற்றுக்கு ஏன் ஆசைப்பட்டாங்க? பட்டைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முழு லோடுக்குன்னு செஞ்ச பட்டை, காலியா போகும்போதும் அதே விறைப்போடதான் நிக்கும். அதனாலதான் காலி லாரி குதிக்கும். காற்று அப்படி இல்ல. எடை கூடினா அழுத்தத்தைக் கூட்டலாம், குறைஞ்சா குறைக்கலாம். காலியோ லோடோ, வண்டியின் ஆட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், உயரமும் மாறாது.

காற்றைச் சக்கரத்துக்குள் அடைத்துக் காட்டியவர் பெல்ஃபாஸ்ட் நகரத்து மாட்டு வைத்தியர் ஜான் பாய்ட் டன்லப், 1888-ல், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக. (மாட்டு வைத்தியர்னதும் எனக்கு ஒரு தனிப் பாசம்.) அவருக்கு நாற்பது வருடம் முன்பே ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. காற்றைச் சக்கரத்தில் வைத்தால் வம்பு குறைவு, அது அச்சைப் பிடிக்க வேண்டியதில்லை. காற்றை வில்லின் இடத்தில் வைக்கப் போனவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

1920-களில் பிரான்சில் ஜார்ஜ் மெசியே ஸ்பிரிங்கே இல்லாத கார் என்று சொல்லிக் காற்றின் மேல் மிதக்கும் கார்களைச் செய்தார். நன்றாக ஓடியும் வியாபாரம் பெரிதாகவில்லை. ஆனால் மனுஷர் அதே அறிவை ஆகாய விமானத்தின் சக்கரக் கால்களுக்குக் கொண்டுபோனார். அவர் தொடங்கிய நிறுவனம் பல கைமாறி இன்றைக்கும் விமானக் கால்கள் செய்கிறது.

அமெரிக்காவில் டயர் செய்து பழகிய ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1930-களின் தொடக்கத்தில் இதில் இறங்கியது. டயரும் காற்றுப் பையும் உறவுக்காரர்கள்தான், இரண்டுமே ரப்பரும் நூல்கயிறும் சேர்த்து வார்த்தவை. 1935 முதல் 1939 வரை பல கார்களில் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அதற்குள் இரும்பு ஸ்பிரிங்குகள் மலிவாகவும் மென்மையாகவும் வந்துவிட்டதால், காருக்குக் காற்று விலை கட்டுபடியாகவில்லை. பஸ்ஸுக்குக் கட்டுபடியானது. 1938-ல் பஸ் செய்பவர்கள் ஆர்வம் காட்டி, 1944-ல் சோதனை பஸ்கள் ஓடின. 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸின் பி.டி.-4104 என்ற கிரேஹவுண்ட் பஸ் காற்றுப் பைகளோடு சாலைக்கு வந்தது. அடுத்த வருடமே, இரண்டடுக்காகத் தெரியும் புகழ்பெற்ற சீனிகுரூசர். முதல் யோசனையிலிருந்து சாலைக்கு வர இருபது வருடம் ஆகியிருக்கிறது. எங்க பட்டறை ஒன்றரை நாள்ல முடிச்சுக் கொடுத்தது.

அந்த இருபது வருஷத்துல பையை மட்டும் செய்யல, பட்டை விட்டுட்டுப் போன அஞ்சு வேலைக்கும் அஞ்சு ஆளைத் தேடியிருக்காங்க. ஆக்சிலைப் பிடிக்க இரும்புத் தண்டுகள். துள்ளலை அடக்க நல்ல ஷாக் அப்சார்பர், ஏன்னா காற்றுப் பையில உரசல்னு ஒண்ணுமே இல்ல, விட்டா பந்து மாதிரி துள்ளிக்கிட்டே இருக்கும். பை வெடிச்சா வண்டி விழாம உட்கார உள்ளே ஒரு ரப்பர்க் கட்டை. உயரத்தைப் பார்த்துக் காற்றை விடவும் எடுக்கவும் லெவலிங் வால்வு. இந்த வால்வு பெரும்பாலான பஸ்கள்ல மூணுதான் இருக்கும். சக்கரம் நாலு மூலையில இருக்கே, வால்வு ஏன் மூணு? நாலு கால் நாற்காலி மேடு பள்ளத் தரையில ஆடும், முக்காலி ஆடாது. நாலு வால்வு வெச்சா ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு ஒரு மூலையை ஏத்தும், ஒரு மூலையை இறக்கும். பால் கறக்க முக்காலியில உட்கார்ற எனக்கு இதைப் படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு.

பஸ்ஸில் ஜெயித்த தைரியத்தில் 1957-ல் காடிலாக் தன் விலை உயர்ந்த எல்டொராடோ புரோம் காருக்கு நான்கு பக்கமும் காற்று வைத்தது. 1958-ல் மற்ற அமெரிக்கக் கார்களிலும் விருப்பத்துக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். காற்று கசிந்தது. ஈரக்காற்று வால்வுக்குள் போய்த் தொல்லை கொடுத்தது. ராத்திரி நிமிர்ந்து நின்ற கார் காலையில் தரையோடு படுத்திருந்தது. நிறையப் பேர் கழற்றி எறிந்துவிட்டு இரும்புச் சுருள் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் அந்த அலையே அடங்கிவிட்டது. பஞ்சர் கடை கம்ப்ரசர் டேங்க்குல தினமும் அடியில திறந்து தண்ணி வடிப்பாங்களே, பார்த்திருப்பீங்க. அந்தத் தண்ணிதான் காடிலாக்கையும் படுக்க வெச்சது.

இதே காலத்து பிரெஞ்சுக்காரர்கள் கதை ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. சிட்ரோவன் 2 சி.வி. காரை வடிவமைக்கும்போது முதலாளி பியர் பூலாஞ்சே போட்ட நிபந்தனை: ஒரு விவசாயி கூடை நிறைய முட்டையோடு உழுத காட்டைக் கடக்க வேண்டும், முட்டை உடையக்கூடாது. 1948-ல் அது வெளியே வந்தது. நாமக்கல் மாவட்டத்துக்காரனுக்கு இதைவிட நெருக்கமான கார் கதை உலகத்தில் இருக்க முடியாது. அதில் காற்று இல்லை, சுருள் ஸ்பிரிங்தான். ஆனால் ஒரே பக்கத்தில் இருக்கும் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார்கள். முன் சக்கரம் வரப்பில் ஏறும்போது பின்பக்கம் அதற்குத் தயாராகிவிடும், வண்டி மூக்கைத் தூக்காது.

கவனிங்க, இணைச்சது முன்னுக்கும் பின்னுக்கும். இடத்துக்கும் வலத்துக்கும் இல்ல. எங்க வண்டியில இணைச்சது இடத்தையும் வலத்தையும்.

அதுல என்ன ஆகும்? வலப்பக்கம் திரும்பற வளைவுல எடை இடப்பக்கம் சாயுது. இடப் பை அழுந்துது. தனிப் பையா இருந்தா உள்ளே அழுத்தம் ஏறி, எதிர்த்து நிக்கும். குழாய் இணைஞ்சிருந்தா அந்தக் காற்று நடு டீ வழியா வலப் பைக்குப் போயிடும். இடப்பக்கம் தாழும், வலப்பக்கம் உயரும், இன்னும் எடை இடத்துக்கு வரும். தண்ணி டேங்கர்ல தண்ணி சாயற பக்கம் ஓடும், இங்க காற்று சாயற பக்கத்தை விட்டு ஓடும். ரெண்டுமே வண்டியைக் கவிழ்க்கத்தான் பார்க்கும். குழாய் மெல்லிசா இருந்தா காற்று போக நேரமாகும், சின்ன வளைவுல தெரியாது. எங்களுக்குப் போட்டது தடிக் குழாய், வளைவும் நீளம். அதான் அவ்வளவு நிதானமா சாய்ஞ்சுது.

சின்ன லாரியில் காற்றுப் பை வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் கதை கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. அங்கே மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களைத் தரையோடு தாழ்த்தி, ஞாயிற்றுக்கிழமை மெல்ல ஊர்வலம் போவார்கள். லோரைடர் என்று பெயர். முதலில் பின்னால் மணல் மூட்டை போட்டுத் தாழ்த்தினார்கள், பிறகு ஸ்பிரிங்கை வெட்டினார்கள். 1950-களின் கடைசியில் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது: சக்கரத்தின் இரும்பு வளையத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பகுதியும் இறங்கக் கூடாது. யாரைக் குறிவைத்த சட்டம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ரான் அகீர் என்ற இளைஞர் 1959 வாக்கில் தன் கார்வெட் காருக்கு அப்பாவோடு சேர்ந்து, விமானத்திலிருந்து கழித்துக் கட்டிய ஹைட்ராலிக் பம்புகளை வைத்தார். போலீஸைப் பார்த்தால் சுவிட்சைத் தட்டு, கார் எழுந்துவிடும். போன பிறகு இறக்கிக்கொள். சட்டத்தை மீறாமல் சட்டத்தைக் கேலி செய்த இயந்திரம் அது. (அந்த உயரத் தடை 2024 ஜனவரியில்தான் விலக்கப்பட்டது. அறுபது வருஷத்துக்கு மேல.)

1980-களில் இந்தப் பைத்தியம் ஜப்பான்காரர்களின் சின்னப் பிக்கப் வண்டிகளுக்குத் தொற்றியது. டொயோட்டா, நிசான், மஸ்டா, எல்லாம் நம்ம தோட்டத்து வண்டி அளவுதான். ஹைட்ராலிக் எண்ணெய் கனம், ஒழுகல், மென்மையும் இல்லை. 1990-களில் பஸ்ஸுக்கும் பெரிய லாரிக்கும் செய்த காற்றுப் பைகளை எடுத்துச் சின்ன வண்டிக்கு மாட்ட ஆரம்பித்தார்கள். வண்டி தரையில் படுக்க வேண்டும், எழுந்தும் ஓட வேண்டும். அவ்வளவு ஏற்ற இறக்கத்துக்குப் பட்டை இடம் கொடுக்காது, எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்ததும் அதே கேள்வி. வேலூர் பெரியவர் கேட்ட அதே கேள்வி, அவங்க ஊர்ப் பட்டறையில.

விளையாட்டுப் பிள்ளைங்கன்னு நினைச்சேன், ஆனா விடை கண்டுபிடிச்சது அவங்கதான், விழுந்து எழுந்து. ஆக்சிலுக்குக் கீழே ரெண்டு, மேலே ரெண்டுன்னு நாலு கைத்தண்டு வெச்சாங்க. இது முன்பின் நகர்வையும் பிரேக் முறுக்கலையும் பிடிக்கும். நாலும் நேரா ஓடினா பக்கவாட்டுக்குப் பிடி இல்ல. அதுக்கு ஆக்சிலின் ஒரு முனையில இருந்து சேஸின் எதிர்ப்பக்கத்துக்குக் குறுக்கா ஒரு தண்டு, பழைய பிரெஞ்சுக் கார்க்காரங்க பேரால பன்ஹார்ட் ராடு. இல்லேன்னா மேல் ரெண்டு தண்டையும் முக்கோணமா சாய்ச்சு வெச்சா அந்தக் குறுக்குத் தண்டு தேவையில்ல. இடப் பைக்கும் வலப் பைக்கும் தனித்தனி வால்வு, தனித்தனி குழாய். பைகளை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, சக்கரத்துப் பக்கமா. நடுவுல இருந்து இருமடங்கு தூரம் தள்ளினா சாய்வை எதிர்க்கற பலம் நாலு மடங்கு. மூட்டை தூக்கறவன் காலை அகட்டி நிக்கறது இந்தக் கணக்குத்தான். அதுவும் போதலேன்னா இரண்டு பக்கத்தையும் சேர்த்து முறுக்கற சாய்வுத் தடுப்புக் கம்பி. பை எதுலயும் உரசக் கூடாது, பக்கவாட்டு எடை பைமேல விழவே கூடாது. காற்றுக்கு ஒரே வேலை, தாங்கறது.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகு நாங்க என்ன செஞ்சோம்னு கேப்பீங்க. பட்டையைப் பழையபடி முழுசா போட்டோம். நாலு தண்டு வெச்சு முறையா செய்யணும்னா சேஸை வெட்டி வெல்டிங் வெக்கணும். அந்த வெல்டிங்கை நம்பி அக்கா மகனை ரோட்டுல அனுப்ப எனக்குத் துணிவில்ல. பதிவுச் சான்றிதழ்ல இருக்கறதுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு வேற சொல்லுது. செலவழிச்ச காசு போனதுதான். பட்டறைக்காரரைக் கேட்டதுக்கு, "பஸ்ல எல்லாம் இதுதானுங்களே இருக்கு"ன்னார். பை இருக்குங்க, பை மட்டும்தான் இருக்கு.

தாருக்கு இப்போ அடியில வாழைச் சருகை ஒரு முழம் கனத்துக்கு மெத்தை போட்டு, அடுக்குக்கு அடுக்கு சருகு வெச்சு, தோப்பை விட்டு இறங்கற மண் ரோட்டுல நடக்கற வேகத்துல ஓட்டறோம். திட்டு குறைஞ்சிருக்கு, முழுசா போகல. வாயை மூடின ரெண்டு பேர்ல ஒருத்தர் போன வாரம் ஏலத்துல கை தூக்கினார்.

கழட்டின பைகள் மாட்டுக் கொட்டாய்ல ஆணியில தொங்குது. நேத்துப் போனா, பையன் சிமெண்ட் தரையில சாக்பீஸால ஆக்சில் படம் வரைஞ்சு வெச்சிருக்கான். நாலு தண்டு, குறுக்கே ஒண்ணு.

"மாமா, இந்தக் குறுக்கு ராடு சின்னதா இருந்தா வண்டி ஏறி இறங்கும்போது ஆக்சிலை ஒரு பக்கமா இழுக்குமில்ல? அப்ப நீளமா, படுக்கையா வெக்கணும், சரிதானுங்களே?"

சரிதான்னு சொன்னேன். கன்னுக்குட்டி அந்தப் படத்துமேலயே நின்னுக்கிட்டிருந்துச்சு.